கூடு யாருக்குச் சொந்தம்? ஐமேக் வழக்குகளும் அதன் பின்னும்

1999 ஆகஸ்டில் அமெரிக்கக் கணினிக் கடைகளில் இரண்டு நீலக் கணினிகள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று ஆப்பிளின் ஐமேக், விலை 1,199 டாலர். மற்றொன்று இமெஷின்ஸ் என்ற புதிய நிறுவனத்தின் இஒன், விலை 799 டாலர். இரண்டிலும் திரையும் கணினியும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருந்தன. இரண்டின் கூடும் ஒளி ஊடுருவும் நீல நெகிழி. பத்தடி தொலைவில் நிற்பவருக்கு எது எது என்று சொல்வது எளிதாக இருந்திருக்காது.

கூட்டைத் திறந்தால் உறவே இல்லை. ஐமேக்கில் ஜி3 செயலியும் மேக் இயங்குதளமும். இஒன்னில் இன்டெலின் செலரான் செயலியும் விண்டோஸ் 98-உம். ஐமேக் துணிந்து கைவிட்ட ஃபிளாப்பி இயக்ககம் இஒன்னில் பத்திரமாக இருந்தது. ஒன்றின் மென்பொருள் மற்றொன்றில் ஓடாது. அந்த மாதமே ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. உள்ளே எதையும் எடுக்காமல் வெளியை மட்டும் எடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டின் சாரம்.

கணினித் தொழிலின் அதுவரையிலான வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. 1981இல் ஐபிஎம் தன் தனிக்கணினியைப் பெரும்பாலும் சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே அமைத்தது. போட்டியாளர்களுக்கு எஞ்சிய தடை பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் மட்டும்தான். காம்பேக் நிறுவனம் அதைக் கடந்த முறை புகழ்பெற்றது. ஒரு குழு ஐபிஎம்மின் பயாஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் விவரித்து எழுதும். அந்த நிரலை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத இன்னொரு குழு, அவ்விவரத்தை வைத்துப் புதிதாக நிரல் எழுதும். பொருள் அதுவே, சொற்கள் வேறு. நிரல்களுக்கான பதிப்புரிமை சொல்லைத்தான் காக்கும், பொருளைக் காக்காது என்பதால் இது சட்டப்படி செல்லும். 1983இல், தன் முதல் விற்பனை ஆண்டிலேயே, காம்பேக் 111 மில்லியன் டாலருக்குக் கணினி விற்றது.

இந்த இரு குழுப் பொறுமை எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பிராங்க்ளின் என்ற நிறுவனம் ஆப்பிள் 2 கணினியின் நிரல்களை அப்படியே படியெடுத்துத் தன் கணினியில் பதித்தது. சில்லுக்குள் பதிந்த நிரல் இயந்திரத்தின் உறுப்பே ஒழிய எழுத்து அன்று என்று வாதாடியது. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதர் படிக்க எழுதப்படாத நிரலும் எழுத்தே என்பது அன்று உறுதியாயிற்று.

ஆக 1980களின் இறுதிக்குள் விதி தெளிவாகிவிட்டது: சொல்லைத் திருடாமல் உட்புறத்தைப் போலச் செய்வது திறமை. 'இணக்கமானது' என்ற சொல்லை விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். அது 'நகல்' என்பதன் மரியாதையான பெயர். உள்ளே எல்லாம் ஒன்றான பிறகு வெளியைப் பற்றி யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. உலகத்து அலுவலக மேசைகளில் மங்கலான பழுப்பு வெள்ளைப் பெட்டிகள் நிறைந்தன. அந்தப் பெட்டிக்கு உரிமை கொண்டாட எவருக்கும் தோன்றவில்லை.

1997 நிதியாண்டில் ஆப்பிளின் இழப்பு ஒரு பில்லியன் டாலரைத் தாண்டியது. ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்தார். ஜோனதன் ஐவின் வடிவமைப்புக் குழு உருவாக்கிய ஐமேக்கை 1998 மே 6 அன்று அவர் மேடையில் திறந்து காட்டினார். ஆகஸ்ட் 15 அன்று விற்பனை தொடங்கியது. சிட்னியின் கடற்கரை ஒன்றின் பெயரால் அதன் நிறம் 'போண்டி நீலம்' எனப்பட்டது. 15 அங்குலத் திரை, உருண்டு பின்னோக்கிச் சரியும் உடல், தலையில் ஒரு கைப்பிடி. தூக்கிக்கொண்டு அலைவதற்கான கருவி அன்று அது. என்றாலும் கைப்பிடி வைத்தார்கள். கணினியைக் கண்டு அஞ்சுபவரைத் தொட அழைப்பதற்கே அந்தக் கைப்பிடி என்று ஐவ் பின்னாளில் விளக்கினார். ஒளி ஊடுருவும் கூட்டுக்கு ஒரு விலையும் இருந்தது: வெளியிலிருந்து தெரியும் என்பதால் உள்ளிருக்கும் உறுப்புகளையும் கண்ணுக்கு ஒழுங்காக அடுக்க வேண்டியிருந்தது. 1999 சனவரியில் பழங்களின் பெயர் தாங்கி ஐந்து நிறங்கள் வந்தன. பழுப்புப் பெட்டிகளின் உலகில் முதல்முறையாக ஒரு கணினியின் கூடு திருடத்தக்க பொருளாயிற்று.

திருட்டும் தாமதிக்கவில்லை. 1999 கோடையில் ஃபியூச்சர் பவர் என்ற நிறுவனம் தேவூவுடன் சேர்ந்து இபவர் என்ற ஒற்றைக்கூட்டுக் கணினியை அறிவித்தது. ஆப்பிளின் நிறங்கள் பழங்களின் பெயரில் இருந்தன என்றால், இவற்றின் நிறங்கள் மணிக்கற்களின் பெயரில் வந்தன. பிறகு இஒன் வந்தது. இமெஷின்ஸ், கொரியாவின் ட்ரைஜெம், கேடிஎஸ் ஆகிய இரண்டும் இணைந்து உருவாக்கிய நிறுவனம். சப்பானில் ட்ரைஜெம்முடன் இணைந்து சோட்டெக் என்ற நிறுவனம் அதே வார்ப்பில் தன் இஒன்னை விற்றது. இத்தனையிலும் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. ஐமேக்குகளை ஆப்பிளுக்காகத் தயாரித்துத் தந்ததில் கொரியாவின் எல்ஜி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. அசலுக்கும் நகலுக்கும் பின்னால் ஒரே நாட்டின் தொழில்திறன் இருந்திருக்கிறது.

கூட்டைக் காக்க ஆப்பிள் எடுத்த ஆயுதம் பதிப்புரிமை அன்று. அமெரிக்கச் சட்டத்தில் 'ட்ரேட் டிரெஸ்' என்று ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வணிக உடை. ஒரு பொருளின் தோற்றமே அதை விற்பவரை அடையாளம் காட்டுமானால் அத்தோற்றமும் வணிகச்சின்னம் போலக் காக்கப்படும். நிறம்கூடத் தனியே சின்னமாகலாம் என்று 1995இல் குவாலிடெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தத் தோற்றத்துக்கு 'இரண்டாம் பொருள்' உண்டாகியிருக்க வேண்டும். பார்த்தவுடன் அழகு என்றோ நீலம் என்றோ தோன்றினால் போதாது. இன்னாருடையது என்று தோன்ற வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இந்த இரண்டாம் பொருள் புதிதன்று. 'வெற்றிலை நட்டான்' என்றால் இலையை நட்டதாக யாரும் கொள்வதில்லை. சினையின் பெயர் முதலுக்கு ஆகி வருகிறது. செய்தவரின் பெயர் செய்த நூலுக்கு ஆகி வருவதைக் கருத்தாவாகுபெயர் என்கிறோம். 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்பவர் நூலைத்தான் படித்தார். வணிக உடைச் சட்டம் கேட்பது இதன் தலைகீழ் வடிவத்தை: செய்யப்பட்ட பொருளைக் காட்டினால் செய்தவர் நினைவுக்கு வரவேண்டும். ஆகுபெயர் ஒருவர் கட்டளையால் உருவாவதில்லை, வழக்கில் நிலைக்க வேண்டும். அதனால்தான் நிறுவனங்கள் இதை மெய்ப்பிக்க நீண்டகாலப் பயன்பாட்டைச் சான்று காட்டுவது வழக்கம். ஐமேக்குக்கு அப்போது வயது ஒன்றுதான்.

அந்த ஓராண்டு போதும் என்று நீதிமன்றங்கள் கொண்டன. 1999 செப்டம்பர் 20 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், நேர்மையற்ற போட்டியைத் தடுக்கும் சட்டத்தின் கீழ், சோட்டெக்கின் கணினியைத் தற்காலிகமாகத் தடை செய்தது. சோட்டெக் கூட்டின் தோற்றத்தை மாற்றிக்கொண்டது. நவம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே கூட்டாட்சி நீதிமன்றம் ஃபியூச்சர் பவரைத் தடுத்தது. இமெஷின்ஸ் 2000 மார்ச்சில் சமரசம் செய்துகொண்டு இஒன்னைக் கைவிட்டது. அதே மாதம் அந்நிறுவனத்தின் பங்குகள் பொதுச்சந்தைக்கு வந்தன. நிலுவை வழக்கோடு அங்கே போக விரும்பியிருக்க மாட்டார்கள். அந்த மாதமே வால்மார்ட்டுக்கும் சமாரா பிரதர்ஸ் என்ற ஆடை நிறுவனத்துக்கும் இடையிலான குழந்தையுடை வழக்கில் உச்ச நீதிமன்றம் விதியை இறுக்கியது: பொருளின் வடிவம் தானாக ஒருநாளும் அடையாளமாகாது, இரண்டாம் பொருளை ஒவ்வொரு முறையும் மெய்ப்பித்தே ஆகவேண்டும்.

இவ்வெற்றிகளின் முழு அளவு தெரிய வேண்டுமானால் ஆப்பிளின் பழைய தோல்வியை அருகில் வைக்க வேண்டும். 1988இல் மைக்ரோசாஃப்டின் மீது அது வழக்குத் தொடுத்தது. சன்னல், பட்டியல், சிறுபடம், குப்பைத்தொட்டி என மேக் திரையின் ஒட்டுமொத்தத் தோற்றத்தை விண்டோஸ் எடுத்துக்கொண்டது என்பது முறையீடு. வழக்கு நடக்கும்போதே, அவையெல்லாம் எம்மிடமிருந்து வந்தவை என்று 1989இல் ஜெராக்ஸ் ஆப்பிளின் மீதே வழக்கிட்டது. அது பெரும்பாலும் தள்ளுபடியானது. 1994இல் ஆப்பிளும் மேல்முறையீட்டில் தோற்றது. திரைக்குள் இருந்ததற்கு உரிமை கோரித் தோற்ற நிறுவனம், திரையைச் சுற்றியிருந்த நெகிழிக்கு உரிமை கோரி வென்றது.

இதில் முரண் இருப்பதாகத் தோன்றலாம். கூர்ந்து பார்த்தால் இல்லை. சன்னலும் குப்பைத்தொட்டியும் பயன்படும் சொற்கள். பிறர் பேசவும் அவை வேண்டும். ஐமேக்கின் நீலம் ஒரு பெயர். பெயரை எடுத்துக்கொள்பவருக்குப் பேச்சு வளம் கூடுவதில்லை, பிறர் நற்பெயர்தான் கிடைக்கிறது. இஒன்னின் பக்கம் ஏழைப் பயனரின் நியாயம் ஒன்று பேசப்படுவதுண்டு: 400 டாலர் குறைவு என்பது சிறிய தொகையன்று. உண்மைதான். ஆனால் அந்த மலிவு செலரானாலும் மெல்லிய இலாபத்தாலும் வந்தது, நீலக் கூட்டால் வந்ததன்று. வேறு கூட்டிலும் அதே விலைக்கு விற்றிருக்கலாம். காம்பேக்கின் இரு குழுக்கள் உழைத்து அடைந்ததோடு இதை ஒப்பிட முடியாது.

ஒளி ஊடுருவும் நெகிழி அடுத்த சில ஆண்டுகளில் துணி தேய்க்கும் பெட்டி முதல் தாள் தைக்கும் கருவி வரை பரவியது. கணினி வாங்கப் போய் யாரும் தேய்ப்புப் பெட்டியோடு திரும்பிவிடப் போவதில்லை. குழப்பம் இல்லாத இடத்தில் இந்தச் சட்டத்துக்கு வேலையும் இல்லை. 2002இல் ஆப்பிளே வெள்ளைக்கு மாறியது.

பின்னர் வந்த சிறு பெட்டிகளின் கதை வேறு. 2000இல் வந்த எட்டு அங்குலக் கனசதுரமான ஜி4 கியூபை யாரும் நகலெடுக்கத் துடிக்கவில்லை. 1,799 டாலருக்கு அது விற்கவும் இல்லை, ஓராண்டில் நிறுத்தப்பட்டது. 2005 சனவரியில் மேக் மினி வந்தது: பதினாறரைச் சென்டிமீட்டர்ச் சதுரம், ஐந்து சென்டிமீட்டர் உயரம், 499 டாலர். சில மாதங்களிலேயே அதைப் பெரிதும் ஒத்த மாதிரிப் பெட்டியொன்றை இன்டெல் காட்டியது. தைவானின் ஏஓபன் நிறுவனம் அவ்வகைப் பெட்டியை விற்பனைக்கும் கொண்டு வந்தது. இம்முறை 1999இன் வழக்கு மீண்டும் அரங்கேறவில்லை. முனை மழுங்கிய ஒரு தட்டைச் சதுரத்தில் அடையாளமாகக் கொள்ள என்ன இருக்கிறது? வட்டு இயக்ககத்தின் அகலமும் தாய்ப்பலகையின் பரப்புமே அதன் அளவைப் பெரிதும் தீர்மானித்தன. தைவானின் வியா நிறுவனம் 2001இலேயே பதினேழு சென்டிமீட்டர்ச் சதுரத் தாய்ப்பலகையை வெளியிட்டிருந்தது. அது மட்டுமன்று. அதே 2005 சூனில் ஆப்பிள் தன் கணினிகளை இன்டெல் செயலிகளுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. 2006 பிப்ரவரியில் வந்த மேக் மினிக்குள் இருந்தது இன்டெலின் செயலி. நகலைக் காட்டியவர் அசலுக்குள் குடியேறியிருந்தார்.

இன்டெல் தன் சொந்தச் சிறுகணினி வரிசையான நக்-ஐ 2012இல் அறிவித்தது. ஏறத்தாழ பத்துச் சென்டிமீட்டர்ச் சதுரப் பலகையைச் சுற்றி அது அமைந்தது. பல நிறுவனங்கள் அந்த அளவைப் பின்பற்றின. 2023இல் இன்டெல் அத்தொழிலிலிருந்து விலகி, உரிமத்தை ஏசஸுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் மேக் மினியைப் பன்னிரண்டே முக்கால் சென்டிமீட்டர்ச் சதுரமாகச் சுருக்கியது. உள்ளே இருந்தது ஆப்பிளின் சொந்தச் செயலி. பெட்டியின் அளவு மட்டும் போட்டியாளர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக விற்றுவந்த பெட்டிகளின் அளவை நெருங்கியிருந்தது.