ஆண்டுக்கு ஒரு குல்டன் வாடகை: ஆக்ஸ்பர்க் நகரின் அறக் குடியிருப்பு



தருமம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அன்னதானம், அடுத்தது சத்திரம். பசித்தவருக்குச் சோறு, வழிப்போக்கருக்குத் திண்ணை. ஆனால், உழைத்தும் வறுமை தீராத ஒரு குடும்பத்திற்கு நிரந்தரமாக ஒரு வீடு கொடுப்பது எப்படி? அதுவும் வாங்குகிறவர் தலைகுனியாதபடி கொடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்ட ஓர் இடம் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. அதன் பெயர் ஃபுகராய்.

இதை நிறுவியவர் யாக்கோப் ஃபுகர். செப்பு, வெள்ளிச் சுரங்கங்களும் வட்டித் தொழிலும் அவரை ஐரோப்பாவின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவராக்கின. 1505இல் மலபார் மிளகைத் தேடிப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல்களிலும் அவர் குடும்பத்தின் முதலீடு இருந்தது. 1519இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட, வாக்காளர்களான இளவரசர்களுக்குக் கொட்டிய பணத்தில் பெரும்பகுதி இவருடையதே. இத்தகைய மனிதர்தான் 1521ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், ஏழைகளின் குடியிருப்புக்கான அறச்சாசனத்தில் கையொப்பமிட்டார்.

தனிக் கதவு, தனி மணி

தாமஸ் கிரெப்ஸ் என்ற கட்டட வல்லுநர் எழுப்பிய இக்குடியிருப்பைச் சுற்றி மதில் உண்டு, வாயில்கள் உண்டு. உள்ளே நேரான சந்துகளில் இரண்டடுக்கு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். ஆனால் இரண்டு குடும்பத்திற்கும் தெருவிலிருந்தே தனித்தனிக் கதவு! கீழ்வீட்டுக்குச் சிறு தோட்டம், மேல்வீட்டுக்குப் பரண். ஒவ்வொரு வீடும் சுமார் 60 சதுர மீட்டர்.

அக்காலத்து ஏழைகளுக்கான விடுதிகளில் பலரும் ஒரே கூடத்தில் படுத்துறங்க வேண்டும். இங்கோ, ஏழைக்கும் பூட்டிக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது. வாசலில் தொங்கும் மணியின் கைப்பிடிகள்கூட வெவ்வேறு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டை அறிந்துகொள்ள அப்படிச் செய்தார்கள் என்பார்கள்.

வாடகை ஏன்?

சாசனம் விதித்த வாடகை ஆண்டுக்கு ஒரு ரைன் குல்டன். அதோடு நிறுவியவர் குடும்பத்திற்காக நாளுக்கு மூன்று பிரார்த்தனைகள். அந்த ஒரு குல்டன் இன்று 88 யூரோ காசு. தண்ணீர், மின்சாரச் செலவு தனி. வாடகை உயரவே இல்லை! சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் செலுத்தும் நுழைவுக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு.

இலவசமாகவே கொடுத்திருக்கலாமே? ஒரு குல்டன் கொடுத்தவர் பிச்சைக்காரர் அல்லர், குடித்தனக்காரர். அதுதான் வேறுபாடு. கூலியாட்களுக்கும் கைவினைஞர்களுக்கும் என்றே இவ்வீடுகள் கட்டப்பட்டன. இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தா ஃபிரான்ஸ், கொத்தனார், 1681 முதல் இங்கேதான் வாழ்ந்தார்.

குறை இல்லாமல் இல்லை. தெருவில் பிச்சை எடுத்தவர்களுக்கு இங்கு இடமில்லை. கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே என்ற விதி இன்றும் நீடிக்கிறது. ஃபுகரின் நோக்கத்திலும் தம் ஆன்மாவின் கவலை கலந்திருந்தது. அந்த மூன்று பிரார்த்தனைகளே சாட்சி.

வங்கி போனது, வீடு நின்றது

முப்பதாண்டுப் போரில் இக்குடியிருப்பு சிதைந்தது. 1944 பிப்ரவரியில் விமானக் குண்டுகள் பெரும்பகுதியை அழித்தன. சில நாட்களிலேயே மீண்டும் கட்டுவதென ஃபுகர் குடும்பத்தினர் முடிவெடுத்தனர். இன்று 67 வீடுகளில் 140 குடியிருப்புகள். ஏறத்தாழ 150 பேர் வாழ்கிறார்கள்.

பேரரசர்களுக்குக் கடன் கொடுத்த அந்த நிறுவனம் 17ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. அறக்கட்டளையோ காடுகளின் வருமானத்தைப் பெரிதும் நம்பி நிலைத்தது. 1923இன் பணவீக்கம் காகிதப் பணத்தைக் கரைத்தது. மரங்களைக் கரைக்க முடியவில்லை.

நேயர்களே, தீபாவளிக்கு முன் வசதி குறைந்தவர்களை மேடையேற்றி, அரிசிப் பையோடு நிற்க வைத்துப் படம் எடுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கொடுப்பவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. வாங்கியவரின் பிள்ளை அந்தப் படத்தோடு பள்ளிக்குப் போகிறது. யாக்கோப் ஃபுகரும் புகழ் விரும்பியவர்தான். வாயிற்கல்லில் தம் குடும்பப் பெயரைப் பொறித்துக்கொண்டார். ஆனால் உள்ளே குடியிருப்பவரை யாருக்கும் காட்சிப்பொருளாக்க அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார். நம் சங்கங்கள் அடுத்த உதவித் திட்டத்தைத் தீட்டும்போது இதை எண்ணிப் பார்க்கட்டும்.