மலையகத் தமிழரும் குடியுரிமைச் சட்டங்களும்

பிறந்த மண்ணிலேயே ஒருவரை அந்நியராக்கும் வல்லமை சட்டத்திற்கு உண்டு. இதனை நம் மக்களின் வரலாறே நமக்குக் கற்பித்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்து, தமிழக மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட நம் மக்களே. காடு திருத்தி மலைகளைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள்.

அத்தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. கடன் தொகையைச் செலுத்தினால் விடுவிப்பதாகக் கூறும் அச்சீட்டு இன்றித் தொழிலாளி வேறு தோட்டத்தில் சேர இயலாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. தொழிலாளியின் கடனுக்குக் கணக்கு இருந்தது. அவர் தந்தையின் பிறப்புக்கோ பெரும்பாலும் பதிவு இல்லை. இக்குறையே பின்னர்ப் பெருங்கேடாயிற்று.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே பிறந்தது மட்டும் போதாது. தந்தையேனும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். மெய்ப்பிக்க ஏடின்றி இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவ்வாண்டின் மற்றொரு சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் தரப்பட்டன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரின் விருப்பத்தை எவரும் கேட்டிலர். பெற்றோருக்கு ஒரு நாடு, மணமான மகளுக்கு மற்றொரு நாடு எனக் குடும்பங்கள் பிளவுண்டன. தலைமன்னாரில் கப்பலேறி வந்தோர் மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதற்குள் 55 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1983க்குப் பின் போரினால் அகதிகளாய் வந்தோரை இந்தியச் சட்டம் எதிர்கொண்டது. 1987 சூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தோர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியரே. அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும்; 2004 டிசம்பர் 3 முதல் விதி மேலும் இறுகியது. 1987க்கு முன் தமிழகத்தில் பிறந்த அகதிப் பெண்ணொருவர் தம் பிறப்புச் சான்றிதழைக் காட்டி வழக்காடினார். அவர் இந்தியரே என உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் தீர்ப்பளித்தது. அன்று ஏடின்மையால் அடைபட்ட கதவு, இன்று ஏட்டினால் திறந்தது.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்களே! பிறப்பையும் இறப்பையும் காலத்தே பதிவு செய்யுங்கள், சான்றிதழ்களைப் பேணிக் காத்திடுங்கள், சட்டம் பயிலுங்கள், எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டாரின் விண்ணப்பத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். நம் கல்வியின் பயன் அதுவே.