ஜூலியட்டுக்குப் பார்த்த வரன்

'ரோமியோவும் ஜூலியட்டும்' என்றதும் இரு குடும்பப் பகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஜூலியட்டைக் கல்லறைவரை விரட்டுவது, தகப்பன் அவசரமாகப் பேசி முடித்த கல்யாணம்.

கதை ஷேக்ஸ்பியருக்கு முந்தியது. இத்தாலியில் லூயிஜி தா போர்ட்டோ எழுதி 1530 வாக்கில் அச்சானதை 1554-இல் பந்தெல்லோ விரித்தெழுதினார். பிரெஞ்சு வழியாக அது 1562-இல் ஆர்தர் புரூக்கின் ஆங்கிலச் செய்யுளாயிற்று. கை மாற மாறப் பெண்ணின் வயது குறைந்தது. தா போர்ட்டோவிடம் 18, புரூக்கிடம் 16. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு 14 நிரம்பவில்லை. புரூக்கின் கதையில் ரோமியோ நாடு கடத்தப்பட்ட பிறகே பாரிஸ் பிரபு தலைகாட்டுகிறார். ஷேக்ஸ்பியர் அவரை முதல் அங்கத்திலேயே பெண் கேட்டு வரச் செய்கிறார்.

இந்த மாற்றத்தால் தகப்பன் கப்யூலெட்டின் இரு முகங்களும் வெளிப்படுகின்றன. முதலில் அவர், இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் மனத்தை வெல்லுங்கள், அவள் சம்மதம்தான் முக்கியம் என்கிறார். குடும்ப உறவினன் டிபால்ட் கொலையுண்டதும் அதே மனிதர் மகளை ஒரு வார்த்தை கேட்காமல் திங்கள் இரவில் பேசி வியாழனுக்கு நாள் குறிக்கிறார். மகள் மண்டியிட்டு மன்றாடியும் மசியவில்லை. மறுத்தால் தெருவில் கிடந்து சாக வேண்டியதுதான், சொத்தில் சல்லிக்காசு கிடையாது என்று தலைமுழுகத் துணிகிறார். தாய் முகம் திருப்பிக்கொள்கிறாள். வளர்த்த செவிலியே பாரிஸைக் கட்டிக்கொள் என்கிறாள். நாடகத்தில் மிகக் கொடிய இடம் இதுதான். நஞ்சு பிறகுதான் வருகிறது. மகள் இணங்குவதாக நடித்ததும் தகப்பன் மகிழ்ந்துபோய்க் கல்யாணத்தைப் புதனுக்கே மாற்றிவிடுகிறார். அந்தக் கல்யாணத்திலிருந்து தப்ப வைத்திருந்த, 42 மணி நேரம் பிணம்போல் கிடத்தும் மருந்தை அவள் ஒரு நாள் முன்னதாகவே குடிக்க நேர்கிறது.

சட்டப்படி அந்தத் தகப்பனுக்கு இப்படிக் கட்டாயப்படுத்தும் உரிமை கிடையாது. 12-ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில் நிலைபெற்ற திருச்சபைச் சட்டம், மணமக்களின் சம்மதமே திருமணம் என்றது. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வயதானால் போதும். பெற்றோர் ஒப்புதல் தேவையில்லை. ஆகவே ஜூலியட் ரோமியோவோடு ரகசியமாகச் செய்துகொண்ட திருமணம் செல்லும். பாரிஸை மணந்தால், கணவன் உயிரோடிருக்க இன்னொருவனை மணந்த குற்றம் அவள்மேல் விழும்.

சம்மதம் பெண்ணிடம் இருந்தாலும் சீதனமும் வீடும் தகப்பன் கையில் இருந்தன. மகள்களின் சீதனத்துக்காகத் தகப்பன்மார் பணம் போட்டுவைக்க ஃபிளாரன்ஸ் நகரம் 1425-இல் அரசு நிதியே தொடங்கியது. சீதனம் திரட்ட முடியாத வீட்டுப் பெண்கள் பலர் கன்னியர் மடம் புகுந்தனர். இங்கிலாந்தில் சாமானியப் பெண்கள் வேலை செய்து சேமித்து, 25 வயதையொட்டியே மணந்தனர். நெருக்கடி மிகுந்திருந்தது சொத்துள்ள குடும்பங்களில்தான்.

பின்னர் வந்த சட்டங்கள் பெற்றோர் கையையே ஓங்கச் செய்தன. ஒப்புதலின்றி மணந்த பிள்ளைகளின் சொத்துரிமையைப் பறிக்க 1556-இல் பிரெஞ்சு அரசாணை இடம் தந்தது. 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் பாதிரியாரையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது; பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்க மட்டும் மறுத்துவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை 1604-இல், 21 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் ஒப்புதலின்றி மணக்கக் கூடாது என விதித்தது. 1753-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோர் உரிமம் பெற்று நடத்தும் திருமணம் செல்லாது என்றே அறிவித்தது.