இரண்டாம் முறை: அயர்ன்மேன் வரலாற்றில் பயிற்சி பிறந்த கதை

1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஒவாஹு தீவில் 15 பேர் கடலில் இறங்கினர். 3.86 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும். 12 பேர் முடித்தனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட விதித்தாளில், இதை முடித்தவர் ஆயுள் முழுவதும் பெருமை பேசிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. ஒருமுறை முடித்தால் ஆயுளுக்கும் போதும் என்பது அதன் உட்கருத்து. ஆனால் முடித்தவர்களில் சிலர் அடுத்த ஆண்டே திரும்பி வந்தனர். முதல் போட்டி ஒரு பந்தயச் சவால் மட்டுமே. அது ஒரு விளையாட்டாக மாறியது இரண்டாம் முறை வந்தவர்களால்தான்.

சவால் தோன்றிய கதை பலரும் அறிந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இணைத்து 1974 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில், மிஷன் விரிகுடாவில், டிரையத்லான் என்ற பெயரில் ஒரு சிறு போட்டி நடந்தது. அதில் பங்கேற்றவர்களுள் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தனர். இருவரும் பின்னர் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தனர். 1977இல் அங்கே ஓர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பின்போது, யாருடைய உடல் அதிகத் தகுதி வாய்ந்தது, நீச்சல்காரருடையதா, ஓட்டக்காரருடையதா, சைக்கிள்காரருடையதா என்ற வாதம் எழுந்தது. ஒவாஹுவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று தனித்தனிப் போட்டிகளின் தூரங்களை ஒரே நாளில் அடுக்கித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் காலின்ஸ். ஆக, இன்று உலகெங்கும் புனித எண்கள்போல் போற்றப்படும் இத்தூரங்களுக்கு உடலியல் அடிப்படை எதுவும் இல்லை. ஒரு தீவின் விளையாட்டு நாட்காட்டியே அவற்றை முடிவு செய்தது.

முதல் போட்டியில் கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் வென்றார். ஓட்டத்தில் நெடுநேரம் முன்னிலையில் இருந்த ஜான் டன்பாரின் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர்கள் அவருக்குப் பீர் கொடுத்தனர். அவர் இரண்டாவதாகத் தள்ளாடி வந்து சேர்ந்தார். காலின்ஸ் முடிக்க ஏறத்தாழ 17 மணிநேரம் ஆயிற்று. பீர் கதையை நகைச்சுவையாகச் சொல்வது வழக்கம். அதை ஒரு சான்றாகவும் வாசிக்கலாம்: இத்தனை நீண்ட உழைப்பில் எவ்வளவு குடிக்க வேண்டும், எதை உண்ண வேண்டும், எந்த வேகத்தில் தொடங்க வேண்டும் என்ற அறிவு அப்போது எவரிடமும் திரண்டிருக்கவில்லை. 12 பேரும் மனவுறுதியாலும் பிற விளையாட்டுகளில் பெற்ற பழக்கத்தாலும் முடித்தவர்கள்.

1979இல் டன்பார் மீண்டும் வந்தார். மீண்டும் இரண்டாமிடமே கிடைத்தது. டாம் வாரன் 11 மணி 15 நிமிடம் 56 நொடியில் வென்றார். அந்த ஆண்டு முதல் பெண்ணாகப் போட்டியை முடித்த லின் லெமேர், 12 மணி 55 நிமிடத்தில் ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். பெண்ணுடல் நெடுந்தூரம் தாங்காது என்ற கருத்து வலுவாக இருந்த காலம் அது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல்தான் சேர்க்கப்பட்டது. 1980இல் தொலைக்காட்சி வந்தது. டேவ் ஸ்காட் 9 மணி 24 நிமிடம் 33 நொடியில் வென்றார். ஓராண்டில் வெற்றி நேரம் ஒரு மணி 51 நிமிடம் குறைந்தது. மனித உடல் ஓராண்டில் மாறிவிடுவதில்லை. மூன்றையும் ஒரே விளையாட்டாகக் கருதி ஆண்டு முழுவதும் அதற்கென்றே பயிலும் புதுவகை வீரர் உருவாகத் தொடங்கியிருந்தார். 1981இல் போட்டி ஹவாயின் பெருந்தீவிலுள்ள கோனாவுக்கு மாறியது.

1982 பிப்ரவரியில் நடந்தது இந்த வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற காட்சி. உடற்பயிற்சி உடலியல் படித்துக்கொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற மாணவி, தம் இளங்கலை ஆய்வுத்திட்டத்துக்காகப் போட்டியில் சேர்ந்தார். (கள ஆய்வுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர்கள் குறைவு.) பெண்களில் முன்னிலையில் இருந்த அவர், இறுதிக்கோட்டை நெருங்கியபோது கால்கள் செயலிழந்து விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். அவரைக் கடந்து சென்ற கேத்லீன் மெக்கார்ட்னி வென்றார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 நொடி. அக்காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபின், முடிப்பதே வெற்றி என்ற கருத்து இப்போட்டியின் அறமாக நிலைபெற்றது.

ஆனால் அதே காட்சியைப் பார்த்து வந்த ஒருவர் வேறொன்றைக் கற்றார். முன்னாள் நீச்சல் வீரரான மார்க் ஆலன் அவ்வாண்டு அக்டோபரில் முதன்முறை கோனாவில் இறங்கினார். சைக்கிளின் கியர் மாற்றும் பாகம் உடைந்ததால் முடிக்கவே இயலவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் முடித்தார், ஆனால் வெல்லவில்லை. மாரத்தானின் பிற்பகுதியில் மீண்டும் மீண்டும் தளர்ந்தார். டேவ் ஸ்காட்டோ 1987க்குள் ஆறு முறை வென்றுவிட்டார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஆலன் செய்ததே இங்கு முக்கியமானது. பில் மாஃபெட்டோன் என்பவரின் ஆலோசனைப்படி, 180இலிருந்து வயதைக் கழித்துக் கிடைக்கும் எண்ணை ஒட்டி இதயத்துடிப்புக்கு ஒரு மேல்வரம்பு வகுத்துக்கொண்டார். அவருக்கு அது நிமிடத்துக்கு 155. அதுவரை மைலுக்கு ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடிப் பயின்றவர், அவ்வரம்புக்குள் நிற்க 8 நிமிடம் 15 நொடிக்கு இறங்க வேண்டியிருந்தது. உலகத்தரத்து வீரர் ஒருவருக்கு இது ஏறக்குறைய அவமானமான வேகம். அவர் விடவில்லை. காலப்போக்கில் அதே இதயத்துடிப்பில் மைலுக்கு 5 நிமிடம் 20 நொடி ஓட முடிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சூத்திரம் நடைமுறை அனுபவத்தில் எழுந்தது. ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட விதியன்று. எனினும் அதன் பின்னுள்ள காரணம் தெளிவு. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும் மாவுச்சத்து ஒரு மாரத்தானுக்கே பற்றாக்குறை. எட்டு மணிநேரத்துக்கு மேல் உழைக்கும் உடல் பெருமளவு கொழுப்பை எரித்தாக வேண்டும். அந்தத் திறன் மெதுவான, நீண்ட பயிற்சியில் மாதக்கணக்கில்தான் வளரும். முதல் முறை முடிப்பவரை மனவுறுதி காப்பாற்றிவிடக்கூடும். அடுத்த முறை மேம்பட விரும்புபவர் முதலில் மெதுவாக ஓடக் கற்க வேண்டியிருந்தது.

1989 அக்டோபரில் ஆலனும் ஸ்காட்டும் விடிகாலை முதல் ஒருவரையொருவர் விலகாமல் நீந்தினர், மிதித்தனர், ஓடினர். மாரத்தானின் கடைசி மைல்களில் ஒரு மேட்டில் ஆலன் பிரிந்து சென்றார். 8 மணி 9 நிமிடம் 15 நொடி. ஸ்காட் 58 நொடி பின்னால். ஆலனும் பின்னர் ஆறு வெற்றிகளை எட்டினார்.

இக்கதையை வெறும் முன்னேற்றக் கதையாக எழுதிவிடவும் முடியாது. பவுலா நியூபி-ஃப்ரேசர் ஏழு முறை கோனாவில் வென்றபின், 1995இல் முன்னிலையில் இருக்கையில் இறுதிக்கோட்டுக்கு அருகே சரிந்து தரையில் கிடந்தார். கேரன் ஸ்மையர்ஸ் வென்றார். நெடுநேரம் கழித்து எழுந்து நடந்த நியூபி-ஃப்ரேசர் நான்காவதாக முடித்தார். மறு ஆண்டு வந்து எட்டாவது முறை வென்றார். ஏழு வெற்றிகளின் அனுபவம்கூட அந்தக் கடைசித் தொலைவுக்கு உறுதி அளிக்கவில்லை.

இந்தியாவில் இவ்விளையாட்டைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது 2015 ஜூலையில் வந்த ஒரு செய்தி: 50 வயதை எட்டவிருந்த நடிகர் மிலிந்த் சோமன் சூரிச் நகரில் அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார். அவர் 2017 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நாள் நீளும் அல்ட்ராமேன் போட்டியையும், மொத்தம் 517.5 கிலோமீட்டர், முடித்தார். இவ்விரு படங்களும் பரவின. இடைப்பட்ட 19 மாதங்கள் குறித்துப் பொதுவெளியில் அவ்வளவு பேச்சில்லை. 2019 அக்டோபர் 20 அன்று கோவாவின் மிராமர் கடற்கரையில் பாதித் தூர அயர்ன்மேன் இந்தியாவில் முதன்முறையாக நடந்தது. கோனாவின் முன்னோடிகள் முழுத் தூரத்தில் குதித்தபின் பயிற்சியைக் கண்டுபிடித்தனர். கோவாவில் தொடங்குபவருக்கோ பாதித் தூரமே முதல் படியாக, முழுத் தூரத்துக்கான ஒத்திகையாக அமையலாம்.

வரலாற்று மாணவருக்கு இங்கே ஒரு சான்றுச் சிக்கல் உண்டு. முடிவுப் பட்டியல்கள் நொடி பிசகாமல் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு முடிவுக்கும் அடுத்ததற்கும் இடையிலான விடிகாலைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவை வீரர்களின் குறிப்பேடுகளிலும், இப்போது கைக்கடிகாரங்கள் சேகரிக்கும் தரவுகளிலும், சுகாதாரமற்ற நீச்சல்குளம் பற்றியும் லாரிகள் விரையும் நெடுஞ்சாலை பற்றியும் அவர்கள் சொல்லும் வாய்மொழிகளிலும் கிடக்கின்றன. இந்திய டிரையத்லானின் முதல் தலைமுறை இன்னும் பயின்றுகொண்டிருக்கிறது. நேரில் கேட்டுப் பதிவு செய்ய இதுவே தக்க தருணம்.