மாளிகையா, வாசஸ்தலமா?



அடக்க ஆராதனைகளில் யோவான் 14ஆம் அதிகாரம் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். தமிழ் வேதாகமத்தில் ‘வாசஸ்தலங்கள்’ என்று வருகிற இடத்தில், பழைய ஆங்கில வேதாகமத்தில் ‘மேன்ஷன்ஸ்’ என்று இருக்கிறது. அதை வாசித்த ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை ஒன்று, “பரலோகத்தில எல்லாருக்கும் காசா லோமா மாதிரி வீடு கிடைக்குமோ?” என்று எங்களிடம் கேட்டது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிள்ளையில் பிழையில்லை. சொல்லின் பொருள்தான் காலத்தோடு மாறிவிட்டது.

‘மேன்ஷன்’ என்ற சொல், ‘தங்கியிரு’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. உரோமருடைய நெடுஞ்சாலைகளில் பயணிகள் இராத்தங்கும் இடத்துக்கும் ‘மான்சியோ’ என்றே பெயர். வில்லியம் டின்டேல் 1526இல் இந்தச் சொல்லை வேதாகமத்தில் எழுதினார். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பும் அதை வைத்துக்கொண்டது. அன்று அது வெறுமனே தங்குமிடத்தையும் குறித்தது. செல்வந்தரின் பெரிய வீடு என்ற பொருள் பின்னர்தான் நிலைத்தது. போதகர் குடியிருக்கும் வீட்டை இங்குள்ள பிரெஸ்பிற்றேரியன் சபையார் ‘மேன்ஸ்’ என்பார்கள். அதற்கும் வேர் அதே வினைதான். நாங்கள் அதைக் ‘குருமனை’ என்கிறோம். ‘மனை’யும் ‘மேன்ஸ்’உம் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் உறவில்லாத சொற்கள். நம்முடைய ‘அரண்மனை’ என்பது அரண் உள்ள மனை, அதாவது காவலுள்ள வீடு.

காசா லோமா என்றால் ஸ்பானிய மொழியில் ‘குன்று வீடு’. சேர் ஹென்றி பெலற் 1911இல் அதைக் கட்டத் தொடங்கினார். 98 அறைகள். கடனும் வரியும் நெருக்க, பத்து ஆண்டுகூட அங்கே வாழாமல் வெளியேறினார். பிறகு வரிப் பாக்கிக்காக அது ரொறன்ரோ நகரசபையின் கைக்குப் போனது. இன்று நாங்கள் ரிக்கற் எடுத்துப் பார்க்கிறோம். அந்த மாளிகையில் தங்கியிருக்கத்தான் அவருக்கு முடியவில்லை.

யோவான் எழுதிய கிரேக்கச் சொல் ‘மொனே’. அதுவும் ‘தங்கியிரு’ என்ற வினையிலிருந்தே வருகிறது. புதிய ஏற்பாட்டில் அது இரண்டே இடங்களில் உண்டு: யோவான் 14:2, 14:23. பழைய ஆங்கிலப் பதிப்பு இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல்லைப் போட்டது. தமிழிலோ முதலாவதில் ‘வாசஸ்தலங்கள்’, இரண்டாவதில் ‘வாசம்பண்ணுவோம்’. இரண்டிலும் ‘வாசம்’ நிற்கிறது. ஆங்கிலத்தில் மறைந்துபோன தொடர்பு தமிழில் தெரிகிறது. நாங்கள் பிதாவினிடத்தில் தங்குவதும், அவர் எங்களிடத்தில் வந்து தங்குவதும் ஒரே சொல்லால் சொல்லப்பட்டிருக்கின்றன.

தாதிமாராக வேலை செய்யும் நாங்கள் இதை வேறொரு இடத்திலும் படித்தோம். மறதி நோயுள்ள அம்மாமார் பின்னேரமானால் “நான் வீட்டை போகவேணும்” என்று அழுவார்கள். மார்க்கத்து வீடா, ஸ்காபரோ பேஸ்மென்றா, ஊரிலிருந்த வளவா என்று கேட்டால் பதில் வராது. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துத் தமிழில் கதைத்தால் அழுகை மெல்ல அடங்கும்.

தம்பி தங்கைமாரே, பெரிய வீடு வாங்குவது பாவமல்ல. ஆனால் முதியோர் இல்லங்களில் நம் சபையின் அம்மாமாரும் அப்பாமாரும் பின்னேரங்களில் தனியே இருக்கிறார்கள். போய் அவர்களோடு அரை மணி நேரம் தங்கியிருங்கள்.