கொடையாகச் செய்த கித்தார்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை இசைத்தவர் பெயரைத் தவறாமல் குறிப்பர்; செய்தவர் பெயரைக் குறிப்பதோ அரிது. 1968ஆம் ஆண்டில் ஒரு கலைஞருக்கென்றே செய்து அன்பளிப்பாக அனுப்பப்பெற்ற மின்கித்தார் ஒன்றின் வரலாறு இக்குறையை ஓரளவு போக்குகிறது. அதனுடன், கொடை எது, கைமாற்று எது என்னும் பழைய வினாவையும் அது நம்முன் நிறுத்துகிறது.

முதற்கண், கருவியின் இயல்பை அறிவோம். நரம்பின் ஒலியைப் பெருக்க யாழுக்குப் பத்தர் உண்டு. வீணைக்குக் குடம் உண்டு. திண்ணிய பலகையால் ஆன மின்கித்தாருக்கு அத்தகைய குடைவு வேண்டுவதில்லை. அதன் எஃகுத் தந்திகளுக்குக் கீழே, காந்தத்தைச் சூழ்ந்து மெல்லிய செப்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். தந்தி அதிரும்பொழுது காந்தப்புலம் மாறுபட, கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதனை ஒலிபெருக்கி வலுப்படுத்துகிறது.

இத்தகைய கித்தாரைப் பெருந்தொகையாகச் செய்து பரப்பியவர்களுள் தலையாயவர் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர். 1951 முதல் ‘டெலிகாஸ்டர்’ எனப் பெயர் பெற்ற அவரது கருவியில், உடலும் கழுத்தும் தனித்தனியே செய்யப்பட்டுத் திருகாணிகளால் இணைக்கப்பட்டன. யார் செய்தாலும் ஒன்றுபோலவே அமைய வேண்டும் என்பதே அவ்வமைப்பின் கருத்து. 1965இல் அந்நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது.

அக்காலத்தில் உலகப் புகழ் பெற்று விளங்கிய பீட்டில்ஸ் குழுவினர், மேடையில் பெரும்பாலும் பிற நிறுவனங்களின் கித்தார்களையே வாசித்தனர். 1964இல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்குப் பன்னிரு தந்திக் கித்தார் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தது. அவர் வாசிக்க, அக்கருவியின் புகழும் ஓங்கியது. ஆகவே, ஃபெண்டர் நிறுவனமும் ஹாரிசனுக்கு ஒரு தனிக் கித்தார் செய்தளிக்க முனைந்ததில் வியப்பில்லை.

பொறுப்பு ரோஜர் ரோஸ்மைசலிடம் வந்தது. இவர் ஜெர்மானியர். இவர் தந்தை வென்சல், தாம் செய்த கித்தார்களுக்கு மகன் பெயரையே சூட்டிய கைவினைஞர். ரோஜர் ஃபெண்டருக்கு வருமுன் ரிக்கன்பேக்கரில் பணியாற்றியவர். ஹாரிசன் பெற்ற அப்பன்னிரு தந்திக் கித்தாரின் உடல்வடிவும் இவர் வகுத்ததே! ஒரே கைவினைஞரின் கருத்து, இரு வேறு நிறுவனங்களின் வழியே ஒரே கலைஞரைச் சென்றடைந்தது.

இவருக்குத் துணைநின்றவர் இளைஞர் பிலிப் குபிக்கி. மரம் ரோஸ்வுட், நம்மவர் ஈட்டி, தோதகத்தி என வழங்கும் இனத்தது, கருஞ்சிவப்பு நிறமும் நெருங்கிய வரிகளும் கனமும் உடையது. மேலும் கீழும் அம்மரப் பலகைகளை வைத்து, நடுவே மெல்லிய மேப்பிள் பலகையைப் பொருத்தி உடலை அமைத்தனர். கழுத்தையும் ரோஸ்வுட்டிலேயே செய்தனர். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். இரண்டும் நன்றாயின் சிறந்ததைத் தேரலாம் என்று ஒரே சமயத்தில் இரண்டு கித்தார்களை உருவாக்கினர். குபிக்கி மணிக்கணக்கில் கையாலேயே உப்புத்தாள் கொண்டு தேய்த்து மரத்தை வழவழப்பாக்கினார். எவர் செய்தாலும் ஒன்றே என்னும் கருத்தில் பிறந்த வடிவம், அவர் கையில் தனித்தன்மை பெற்றது.

1968 டிசம்பரில் அக்கித்தார் விமானத்தில் தனி இருக்கையில் அமர்ந்து இலண்டன் சென்றது. 1969 ஜனவரி 30ஆம் நாள், சேவில் ரோ மாளிகையின் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் நடத்திய இறுதிப் பொது நிகழ்ச்சியில் ஹாரிசன் வாசித்தது இதனையே. நிறுவனம் கருதிய விளம்பரம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே ரோஸ்வுட் டெலிகாஸ்டர் விற்பனைக்கும் வந்தது.

இல்லார்க்குக் கொடுப்பது மட்டுமே கொடை, மற்றவை அளவு குறித்துத் திரும்பப் பெறும் கைமாற்று என்பது வள்ளுவர் வகுத்த வரையறை. அவ்வளவுகோலால் அளப்பின், நிறுவனம் அளித்தது கைமாற்றே. ஆனால், வரலாறு அங்கே முடியவில்லை. 1969 டிசம்பரில், தம்முடன் இசைப்பயணம் செய்த அமெரிக்கப் பாடகர் டிலேனி பிராம்லெட்டிடம் ஹாரிசன் அக்கித்தாரைக் கொடுத்துவிட்டார். முப்பதாண்டுகளுக்கு மேல் அதனைப் பேணிய பிராம்லெட், ஹாரிசன் மறைந்தபின் 2003இல் ஏலத்திற்கு விட்டார். ஹாரிசன் குடும்பத்தின் சார்பில் நடிகர் எட் பெக்லி 434,750 டாலருக்கு அதனை எடுத்தார். கொடையாக வந்து கொடையாகவே சென்ற பொருள், விலையாகித் திரும்பியது.

அவ்விலை எதற்கு? ஹாரிசனின் விரல் பட்டதற்கு என்பர். அது மெய்யே. ஆயினும், அவ்விரல் படுமுன் அம்மரத்தின்மேல் பன்னெடுநேரம் படிந்திருந்தவை கைவினைஞரின் விரல்கள். நிறுவனத்தின் நோக்கம் வாணிகம். கைவினைஞர் பெற்றது கூலி. எனினும், கூலிக்கு வேண்டிய அளவைக் கடந்து அவர்கள் அம்மரத்தில் செலுத்திய கருத்தும் பொறுமையும் எக்கணக்கிலும் எழுதப்படாதவை. அக்கித்தாரில் உண்மையாகவே கொடையாய் நின்ற பகுதி அதுவேயாகும். இசைத்தவர் பெயரோடு ரோஸ்மைசல், குபிக்கி என்னும் இரு பெயர்களையும் சேர்த்தெழுதுவதே வரலாறு அவர்களுக்குச் செலுத்தத்தக்க கைம்மாறு.