மணவுறவும் மண்ணும்: திருவந்திபுரக் கல்வெட்டை முன்வைத்து

ஜப்பானிய மாங்காக் கதைகளில் ஒரு வகை உண்டு. கற்பனை நாடொன்றில் ஒரே நாயகன். அவனைச் சுற்றிப் பல நாட்டு இளவரசியர். ஒவ்வொரு மணமும் ஓர் உடன்படிக்கை. ஒவ்வொரு காதலும் ஒரு படைத்துணை. முடிவில் அன்பும் அரசியலும் முரணின்றி ஒன்றாகிவிடுகின்றன. வரலாற்றில் அவை அவ்வாறு ஒன்றானதுண்டா என்று கேட்டால், விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் கற்கள் இருக்கின்றன.

சோழரும் கீழைச் சாளுக்கியரும் தலைமுறைதோறும் பெண் கொடுத்துக் கொண்டவர்கள். முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவை விமலாதித்தனை மணந்து வேங்கிக்குச் சென்றாள். ராஜேந்திரனின் மகள் அம்மங்கை, குந்தவையின் மகன் ராஜராஜ நரேந்திரனை மணந்தாள். அவள் பெற்ற பிள்ளையே 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அதே காலத்தில் வீரராஜேந்திரன் தன் மகளை மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்கு மணமுடித்திருந்தான். ஆக, ஒரே அரியணைப் பூசலில் ஒருபுறம் மகள் வழிப் பேரன். மறுபுறம் மைத்துனன் அதிராஜேந்திரனுக்காகப் பரிந்து நின்ற மருமகன். அமைதிக்கென்று செய்த மணங்களே போருக்கு உரிமைப் பத்திரங்களாயின. காஷ்மீரத்துப் பில்ஹணர் விக்கிரமாதித்தனின் பக்கம் நின்று காவியம் பாடினார். வீரராஜேந்திரன் மகளின் மனம் எந்தப் பக்கம் நின்றது என்பதற்குச் சான்றில்லை.

அடுத்த காட்சி கெடில நதிக்கரையில். கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில், மூன்றாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு (1231-32) ஒன்று உண்டு. காடவன் கோப்பெருஞ்சிங்கன் தன் பேரரசனையே சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். செய்தி துவாரசமுத்திரத்தை எட்டியது. போசள வீரநரசிம்மன் தன் தண்டநாயகர்களை ஏவினான். அவர்கள் ஊர்களை எரித்தார்கள், பயிர்களை அழித்தார்கள், பெண்களைக் கவர்ந்தார்கள், இடையே பொன்னம்பலத்தில் இறைவனையும் வணங்கினார்கள். சோழன் விடுவிக்கப்பட்டான்.

சோழரும் போசளரும் மணவுறவு கொண்டவர்கள். ஆயினும் படையெடுப்புக்குக் கல்வெட்டு சொல்லும் காரணம் உறவன்று. சோழ மண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்னும் புகழ். வெற்றியைச் சொல்லும் அதே கல்லில் காடவ நாட்டுப் பெண்கள் பெயரின்றிக் கொள்ளைப் பொருளாக நிற்கிறார்கள். அரண்மனைப் பெண் உடன்படிக்கையின் முத்திரை. ஊர்ப்பெண் வெற்றியின் சான்று. இருவரும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

நரசிம்மனின் மகன் சோமேசுவரனைச் சோழனும் பாண்டியனும் ஒருங்கே ‘மாமடி’ என்றழைத்தார்கள். இந்த மாமன் வலுத்தவனை எதிர்த்து இளைத்தவனோடு சேர்ந்தான். தராசு தன் கையில் இருக்கவேண்டும் என்பதே அவன் பாசம். விளைவு, மூன்றாம் ராஜேந்திரன் தன்னை மாமடி சோமேசுவரனுக்குப் பகையான காலதண்டம் என்று பெருமையோடு பொறித்துக்கொண்டான். உறவுப் பெயரை விடாமலே பகையைச் சொல்லும் அந்த விருது, அரசியல் மணத்தின் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறது. இறுதியில் ஜடாவர்மன் சுந்தர பாண்டியன் எல்லோரையும் வென்று தில்லையில் பொன் வேய்ந்தான். கைதியைப் பறிகொடுத்த கோப்பெருஞ்சிங்கனோ அங்கே கோபுரம் எடுத்தவனாக நினைக்கப்படுகிறான்.

இத்தனை ஆண்களின் பொன்னுக்கும் கோபுரத்துக்கும் முன்பே, 1114இல் தில்லைக் கோயிலுக்குப் பொன் வழங்கிய ஒருத்தி உண்டு. குலோத்துங்கனின் தங்கை குந்தவை. வேங்கிக்கு மணமாகிப் போன பாட்டியின் பெயரைத் தாங்கியவள், சோழரின் குலதெய்வத்தின் முன் தன் பெயரைப் பொறிக்கச் செய்தாள். அரச மகளிரின் அன்பையும் பற்றையும் நாம் தேடவேண்டிய இடம் மணப்பந்தலன்று. அவர்கள் தாமே கொடுத்த கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகள்தாம். அங்குதான் அவர்கள் கொடுக்கப்பட்டவர்களாக இல்லாமல், கொடுத்தவர்களாக இருக்கிறார்கள்.